தேக்சாவை ஏற்காத அடுப்பு

ஆம்பூர் பிரியாணி வேகும் தேக்சா பெரும்பாலும் அலுமினியம். பழைய வீடுகளில் ஈயம் பூசிய செம்பு. வீட்டுக்கு இரண்டு கிலோ கறி போடும் அளவில் அப்படி ஒரு தேக்சாவை இண்டக்‌ஷன் அடுப்பில் தூக்கி வைத்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றும். கீச் கீச்சென்று சத்தம் வரும். சின்னத் திரையில் 'இ-0' என்று மின்னும். கொஞ்ச நேரத்தில் அடுப்பு தானாகவே அணைந்துவிடும். சீரகச் சம்பா ஊறிக்கொண்டிருக்க, தேக்சா சுடக்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் அறைகளிலும் இதே காட்சியைக் காணலாம். வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகின்றன. ஊரிலிருந்து கொண்டுவரும் பாத்திரம் கனமில்லாத அலுமினியம். வாங்கும் அடுப்பு, சிலிண்டர் தொல்லை இல்லாத இண்டக்‌ஷன். அடுப்பு வாங்கிய அன்றே 'கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் திரும்பி வரும்.

அந்த அடுப்பில் எந்தப் பழுதும் இல்லை. தனக்கு மேலே சரியான பாத்திரம் இல்லை என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். பாத்திரம் இருக்கிறதே என்று நாம் திட்டுகிறோம். அடுப்புக்குக் கண் கிடையாது. அதற்கு இருப்பவை நாலைந்து உணரிகள்தான். அவற்றில் ஏதோ ஒன்று எதிர்பாராத அளவைக் காட்டுகிறது என்பதற்கு மேல் எந்த எர்ரர் எண்ணுக்கும் பொருள் இல்லை. எது பழுது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒன்று மனதில் இருந்தால் தேவையில்லாமல் போர்டு மாற்றும் செலவில் பாதி மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 முறை திசை மாறும் மின்சாரம். அடுப்பு அதை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. அப்போது உச்ச அளவு சுமார் 325 வோல்ட். பிறகு ஐ.ஜி.பி.டி. என்ற குறைக்கடத்தி ஸ்விட்ச் அதை நொடிக்கு இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் முறை வரை வெட்டி வெட்டி, கண்ணாடித் தட்டின் அடியில் அப்பளம்போல் தட்டையாகச் சுற்றிய காயிலுக்கு அனுப்புகிறது. காயிலைச் சுற்றி எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பாத்திரம் தானே சூடாகிறது. ஃபாரடே 1831-ல் கண்ட தூண்டல்தான் இது, சமையலறைக்கு வர மட்டும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு மின்னோட்டத்தையும் தாங்கி வெட்டும் மலிவான ஸ்விட்ச் கிடைக்காததே தாமதத்துக்குப் பெரிய காரணம். அந்த ஐ.ஜி.பி.டி.யை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்தவர், 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்தவர். 2024-ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் வீட்டு அடுப்புக்குள் இருக்கும் அந்தச் சில்லுக்கு இப்படி ஒரு சென்னைத் தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது.

இனி இ-0. பாத்திரம் மேலே இருக்கிறதா என்று அடுப்பு எப்படி அறிகிறது? காயிலும் அதோடு இணைந்த ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தால், ஒரு முறை தூண்டிவிட்டதும் மின்சாரம் இரண்டுக்கும் இடையே முன்னும் பின்னுமாக அலைபாயும். வெண்கலக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினால் நெடுநேரம் ரீங்கரிக்கும், விரலால் தொட்டுக்கொண்டு தட்டினால் சட்டென்று அடங்கும் அல்லவா, அதே கணக்கு. அடுப்பு காயிலுக்கு ஒரு சிறு துடிப்பை அனுப்பிவிட்டு, அது எத்தனை அலை அதிர்ந்து அடங்குகிறது என்று எண்ணுகிறது. மேலே இரும்புப் பாத்திரம் இருந்தால் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்ளும், சில அலைகளிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஒன்றும் இல்லாவிட்டால் அலை நீளும். நீண்டால் இ-0. ஒவ்வொரு முறையும் நாம் கேட்கும் அந்த 'டிக்... டிக்' என்ற மெல்லிய ஓசை, அடுப்பு இப்படித் தட்டிப் பார்ப்பதால் வருவதே.

அலுமினியமும் செம்பும் உலோகம்தானே, அவை ஏன் உறிஞ்சுவதில்லை? அவை மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதுதான் குற்றம். சூடு உண்டாக மின்தடை வேண்டும். அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலிலேயே ஓடும். 25,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.4 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டும் எஃகில் அதில் பாதிகூட இல்லை. எஃகின் மின்தடை ஏற்கெனவே செம்பைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மின்னோட்டம் மெல்லிய தோலுக்குள் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால் தடை இன்னும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து, அதே காந்தப்புலத்தில் எஃகின் அடி செம்பைவிடப் பல பத்து மடங்கு அதிகத் தடை காட்டுகிறது. ஆகவே எஃகு கொதிக்கிறது, தேக்சா குளிர்ந்து கிடக்கிறது. வேண்டுமென்றால் அதிர்வெண்ணை இரண்டு மூன்று மடங்கு ஏற்றிச் செம்பையும் சூடாக்கலாம். ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனம் 2002-ல் அப்படி ஒரு அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையும் சிக்கலும் அதிகம், நம் கடைகளில் அதைத் தேடிப் பயனில்லை.

எவர்சில்வர் விஷயத்தில்தான் நம் வீடுகளில் குழப்பம் அதிகம். எவர்சில்வரில் நிக்கல் கலந்த வகை காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் இல்லாத வகை ஒட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரே அலமாரியில் சீதனமாக வந்த பத்துப் பாத்திரத்தில் நாலு வேலை செய்யும், ஆறு இ-0 காட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். 'சிக்'கென்று பிடித்தால் சரி. பிடித்தும் எர்ரர் வந்தால் அளவைப் பாருங்கள். டபரா, காபி போடும் சின்னக் கிண்ணம் போன்றவற்றின் அடி காயிலில் கால் பங்கைக்கூட மூடாது. அடுப்பைப் பொறுத்தவரை அது பாத்திரமே இல்லை. நல்ல இரும்புத் தோசைக்கல்லை வைத்தும் இ-0 வந்தால்தான் அடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை, எண்ணும் சுற்றிலுள்ள ரெசிஸ்டர்களும் அந்தக் கெபாசிட்டரும்.

அடுத்தது சூட்டு உணரி. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். காயிலின் நடு ஓட்டையில், கண்ணாடியின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டு, வெள்ளைப் பசை தடவிய மிளகளவு மணி ஒன்று இருக்கும். இரண்டு மெல்லிய கம்பிகள் அதிலிருந்து போர்டுக்குப் போகும். இது என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். பல அடுப்புகளில் இருப்பது 25 டிகிரி செல்சியஸில் 100 கிலோ ஓம் காட்டும் வகை. 100 டிகிரியில் அது ஏறத்தாழ 7 கிலோ ஓமுக்கு வந்துவிடும், 200 டிகிரியில் ஒரு கிலோ ஓமுக்கும் கீழே. போர்டில் உள்ள நுண்செயலி இந்தத் தடையை வோல்டேஜாக அளந்து வெப்பமாகக் கணக்கிடுகிறது.

இப்போது கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? தடை எல்லையற்றதாகிவிடும். நுண்செயலியின் கணக்கில் அது தாங்க முடியாத குளிர், இமயமலை உச்சியைவிடக் குளிர். கரப்பான் எச்சமோ பொங்கி வழிந்த உப்புத் தண்ணீரோ இரண்டு கம்பிகளையும் இணைத்துவிட்டால் தடை பூஜ்ஜியத்துக்கு வந்து, தாங்க முடியாத சூடு. இரண்டுமே நடக்கக்கூடாத அளவு என்பதால் அடுப்பு எர்ரர் போட்டு நின்றுவிடுகிறது. 'சென்சார் ஓப்பன்', 'சென்சார் ஷார்ட்' என்று மெக்கானிக்குகள் பிரித்துச் சொல்வது இதைத்தான். அதிகச் சூடு என்று எர்ரர் வரும்போது அடுப்பு ஜில்லென்று இருந்தால், சூடானது பாத்திரம் இல்லை, கம்பிதான் கோளாறு என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். சில அடுப்புகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, ஒரு நிமிடத்துக்கு மேல் சூடேற்றியும் உணரியின் அளவு நகரவே இல்லையென்றால் அதையும் பழுதென்று அறிவிக்கும்.

உணரியைச் சோதிக்க ஒரு சுலப வழி எல்லாருக்கும் தெரியும். கழற்றி, மல்டிமீட்டரில் மாட்டி, மணியை விரலால் பிடித்துக்கொள்வது. உடம்புச் சூட்டில் அளவு 100-லிருந்து 70 கிலோ ஓம் பக்கம் இறங்கினால் உணரி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஏ.சி. அறையில் இந்த வித்தை சரி. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்தால் கதை மாறும். அறையே 40 டிகிரி இருக்கும்போது மீட்டர் தொடக்கத்திலேயே 53 கிலோ ஓம்தான் காட்டும். விரலால் பிடித்தால், விரல் அறையைவிடக் குளிர்ச்சி என்பதால், அளவு கீழே போகாமல் மேலே ஏறும்! நூறு காட்டவில்லை, திசையும் தப்பு என்று நல்ல உணரியைக் குப்பையில் போட இது போதும். வெயில் ஊரில் பழுது பார்க்கிறவர்கள் பக்கத்தில் ஒரு அறை வெப்பமானியை மாட்டி வைத்துக்கொள்வது நல்லது.

உணரி தொடுவது கண்ணாடியின் அடியைத்தான், பாத்திரத்தை நேரடியாகத் தொடுவதில்லை. காயிலின் நடுவில் சுற்று இல்லாததால் அங்கே பாத்திரத்தில் எழும் சுழல் மின்னோட்டமும் குறைவு. தோசைக்கல்லில் வளையமாகச் சிவந்து நடுவில் வெளுத்த தோசை வருவது இதனால். அடுப்பின் வெப்ப உணர்வு முழுவதும் அந்த வெளுத்த நடுவிலிருந்து வருகிறது. அடி வளைந்த பாத்திரத்தில் நடுப்பகுதி கண்ணாடியை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தால், எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகும் உணரிக்குச் சேதி போய்ச் சேராது. எர்ரர் வராததால் எல்லாம் நலம் என்று நம்பி அடுப்பை விட்டு நகர வேண்டாம்.

இரண்டாவது சூட்டு உணரி ஒன்று உண்டு. ஐ.ஜி.பி.டி.யை இறுகப் பிடித்திருக்கும் அலுமினிய வெப்பத்தகட்டில் அது ஒட்டியிருக்கும். 2000 வாட் அடுப்பில் அந்தச் சிறு சில்லே பல பத்து வாட் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். அடியில் உள்ள விசிறிதான் அதற்குத் துணை. இங்கே எர்ரர் வந்தால் முதலில் குற்றவாளி என்று நினைக்க வேண்டியது காற்று. அடுப்பைப் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ செய்தித்தாளின் மேலோ வைத்திருந்தால், விசிறி தாளை உறிஞ்சித் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். தாளிப்பு எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறி இறக்கையில் கம்பளிபோல் அப்பும். கேஸ் அடுப்பை ஒட்டி வைத்திருந்தால் அதன் சூடான காற்றே உள்ளே போகும். விசிறி உறிஞ்சுவது 25 டிகிரிக் காற்றா 42 டிகிரிக் காற்றா என்பதும் முக்கியம். உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி கூடுதலோ, வெப்பத்தகடும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடுதலாகச் சுடும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய அடுப்பு சித்திரையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றால், போர்டு மாற்றுவதற்கு முன் பழைய டூத் பிரஷால் விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்.

வோல்டேஜ் எர்ரர்கள் தனி ரகம். இவற்றில் அடுப்பு நல்ல சாட்சி, குற்றம் வெளியே. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். அதாவது சுமார் 216-லிருந்து 244 வரை. 2012-ல் மணிக்கணக்காகக் கரண்டு போய் வந்த காலத்தில், வந்தபோதும் குழல்விளக்கு எரியாத லோ வோல்டேஜ் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அடுப்புகள் பொதுவாக இதைவிட அகலமான எல்லையைப் பொறுத்துக்கொள்ளும். 150 - 170 பக்கம் இறங்கினாலோ 260 - 270-ஐத் தாண்டினாலோதான் எர்ரர் போடும். ஆகவே எர்ரர் வந்துவிட்டதென்றால் நிலைமை நிஜமாகவே மோசம்.

லோ வோல்டேஜ் எர்ரர் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். 500 வாட்டில் வைத்தால் வராமல் 2000-க்கு ஏற்றியதும் வந்தால், குறை பெரும்பாலும் உங்கள் வீட்டு வயரிங்கிலோ சாக்கெட்டிலோ இருக்கிறது. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். மிக்ஸிக்குப் போட்ட 5 ஆம்ப் பிளக்கில் கன்வெர்ட்டரை மாட்டி இதை ஓட்டுகிறார்கள். சாக்கெட்டில் தொடர்பு தளர்ந்து ஒரே ஒரு ஓம் தடை உண்டானாலும், அந்த இடத்திலேயே 75 வாட் சூடு எழும். பழைய குண்டு பல்பு ஒன்றைச் சாக்கெட்டுக்குள் திணித்தது மாதிரிதான். பிளாஸ்டிக் உருகும், மஞ்சளாகிக் கருகும், மீன்போல ஒரு வாடை வரும். அடுப்பு எர்ரர் காட்டி நின்றதற்கு நன்றி சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

ஹை வோல்டேஜ் எர்ரர் இன்னும் அபாயமானது. தெருவுக்கு மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதோ ஒரு ஃபேஸ். நியூட்ரல் கம்பி எங்கோ அறுந்தோ துருப்பிடித்தோ போனால், இரண்டு ஃபேஸில் உள்ள வீடுகள் 400 வோல்டுக்குக் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்ளும். அதிகச் சாதனம் ஓடும் வீட்டில் வோல்டேஜ் சரியும், இரண்டு விளக்கு மட்டும் எரியும் வீட்டில் 300-ஐத் தாண்டி ஏறும். மழைக்காலத்தில் ஒரே தெருவில் நாலு வீட்டு டிவி ஒன்றாகப் புகைந்தது என்று கேள்விப்படுகிறோமே, பெரும்பாலும் இதுதான் காரணம். அடுப்பு ஹை வோல்டேஜ் எர்ரர் காட்டி, கூடவே விளக்கும் வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்தால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் பேசுங்கள். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பிழைக்கும்.

சுவரில் மீட்டர் வைத்தால் சரியாக 235 காட்டுகிறது, அடுப்பு மட்டும் லோ வோல்டேஜ் என்று அடம்பிடிக்கிறது என்றால்? அப்போது பொய் சொல்வது உணரி. முந்நூற்றுச் சொச்ச வோல்டை நுண்செயலி நேரடியாக அளக்க முடியாது. சில நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்து அதை ஓரிரு வோல்டாகக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் தடை காலப்போக்கில் ஏறிவிட்டால் நுண்செயலிக்கு வரும் அளவு குறையும். ஒரு ரூபாய்ச் சாமான். முழு போர்டையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் இந்த வரிசையை மீட்டரில் அளந்தீர்களா என்று கேட்கலாம்.

ரெசிஸ்டர் ஏன் மாறுகிறது என்பதில், ஆம்பூர், வேலூரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் வட்டாரத்துக்கே உரிய ஒரு வேதியியல் இருக்கிறது. தோலிலிருந்து முடியை நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்த்து ஊறவைப்பார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பது இதே வாயுதான். மின்னணுப் போர்டில் எள்ளளவு இருக்கும் சிப் ரெசிஸ்டர்களின் இரு முனைகளிலும், மேற்பூச்சுக்கு அடியில், மெல்லிய வெள்ளிப் படலம் உண்டு. கந்தக வாயு பூச்சின் விளிம்பு வழியாக உள்ளே கசிந்து அந்த வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக்கும். மின்சாரம் ஓட வழி குறுகிக் குறுகி, கடைசியில் ரெசிஸ்டரே அறுந்ததற்குச் சமம். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். டயர் ஆலை, காகித ஆலை போன்ற இடங்களுக்காகவே கந்தகத்தைத் தாங்கும் ரெசிஸ்டர்களைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். ஐ.எஸ்.ஏ. 71.04 என்ற அமெரிக்கத் தரவிதி, ஒரு செம்புத் தகட்டை ஒரு மாதம் அறையில் வைத்து, அதில் படியும் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தக் காற்று மின்னணுச் சாதனங்களுக்கு உகந்தது என்கிறது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் தொழிற்கூடங்களில் மோட்டார் பேனல் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். தோல் கழிவால் கெட்ட பாலாற்றுத் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கியாயிற்று. காற்று செம்பையும் வெள்ளியையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே குறைவு.

எந்த எர்ரரும் காட்டாத பழுதுதான் உண்மையில் பெரிய பழுது. பொத்தானை அழுத்தினால் விளக்கில்லை, சத்தமில்லை. பெரும்பாலும் ஐ.ஜி.பி.டி. ஷார்ட் ஆகி, உள்ளே ஃப்யூஸ் போயிருக்கும். நுண்செயலிக்கே கரண்டு இல்லாதபோது எதை எழுதிக் காட்டும்? இங்கே மெக்கானிக்குகளின் சீரீஸ் லேம்ப் கைகொடுக்கிறது. 100 வாட் குண்டு பல்பை அடுப்புக்கு வரிசையாக இணைத்து ஸ்விட்சைப் போடுவார்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால், கெபாசிட்டர் நிரம்பியது, ஷார்ட் இல்லை. நின்று பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட், ஆனால் பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் புதிதாக எதுவும் வெடிக்காது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. குண்டு பல்பு கடைகளில் அருகிவரும் காலத்தில், பழுதுக்கடைக்காரர்கள்தான் அதன் கடைசி வாடிக்கையாளர்கள்.

ஷார்ட் ஆன ஐ.ஜி.பி.டி.யை மாற்றியதும் அடுப்பு ஒரு நாள் ஓடி மறுபடி வெடிக்கிறதா? கொன்றவன் இன்னும் உள்ளேயே இருக்கிறான். காயிலோடு சேர்ந்து அலைபாயும் அந்தக் கெபாசிட்டர், பொதுவாக 0.27-லிருந்து 0.33 மைக்ரோஃபாரட் வரை உள்ளது, வயதாகி மதிப்பு இறங்கியிருக்கும். இறங்கினால் அலையின் உச்சி ஏறும். 1200 வோல்ட் தாங்கும் ஐ.ஜி.பி.டி.யின் மேல் அதற்கு மேற்பட்ட வோல்டேஜ் விழும். கெபாசிட்டரை அளக்காமல் ஐ.ஜி.பி.டி.யை மட்டும் மாற்றுவது வாடிக்கையாளர் காசை ஊதித் தள்ளுவது. ஒரு எச்சரிக்கை: இந்தப் போர்டு முழுவதும் மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். மூடியைத் திறப்பது பழகியவர்கள் வேலை. வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது பாத்திரம், காற்று, சாக்கெட் மூன்றையும் பார்ப்பதோடு முடிகிறது.

இவ்வளவு நேரம் இ-0 தவிர வேறு எண்ணைச் சொல்லாமல் ஓட்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனியில் இ-1 என்றால் லோ வோல்டேஜ், இன்னொன்றில் அதே இ-1 சூட்டு உணரி. இ-0 மட்டும் பல கம்பெனிகளில் பாத்திரம் இல்லை என்பதைக் குறிக்கிறது, அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலில் அட்டவணை வேறு வேறாக இருப்பதும் உண்டு. வண்டிகளில் இப்படிக் கிடையாது. கலிஃபோர்னியாவின் காற்றுத்தர வாரியம் புகையைக் கட்டுப்படுத்த வேண்டிப் பிடிவாதம் பிடித்ததில், 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எர்ரர் பட்டியல் சட்டமாயிற்று. பி-0301 என்றால் எந்தக் காரானாலும் முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபின் இருசக்கர வண்டிகளுக்கும் தன்னையே சோதிக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. வண்டிக்குப் புகை என்ற பொதுக் கவலை இருந்தது, அதனால் அரசு தலையிட்டது. அடுப்பின் எர்ரருக்காகப் பேச அப்படி யாரும் இல்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுக் கையேடும் உதிரிபாக விவரமும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் அடுப்புக் கம்பெனிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எர்ரர் அட்டவணையைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் அடுப்பின் அடித்தகட்டிலேயே அச்சிட்டுவிடலாம். நட்சத்திர முத்திரையும் தர முத்திரையும் ஒட்ட இடமிருக்கும்போது பத்து வரிக்கு இடமில்லாமல் போகாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு வரி சேர்த்தால் போதும். வாங்குகிற நாமும் கடையில் நிற்கும்போதே அட்டவணை எங்கே என்று கேட்கலாம்.

அது நடக்கும் வரை ஒரு வேலை செய்யுங்கள். அடுப்பு வந்த அன்றே, பெட்டியோடு கையேட்டைப் பரணில் போடுவதற்கு முன், எர்ரர் அட்டவணைப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், எந்தப் பாத்திரம், எத்தனை வாட், எத்தனை நிமிடம் ஓடியபின் வந்தது, அப்போது விளக்கு மங்கியதா என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரியாணிக்குத் தேக்சாதான் வேண்டும் என்றால் கேஸ் அடுப்பில் வையுங்கள்.